ஷார்ட் பெட் ட்ரக்கில் ஃபிஃப்த் வீல்: ஹிட்ச் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

புது டிரெய்லருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கறை டிரைவ்வேயில் மறைவதற்குள் என் ட்ரக்கின் பின் கண்ணாடி போய்விட்டது. யாரும் வந்து இடிக்கவில்லை. என் டிரெய்லரை வைத்து என் ட்ரக்கை நானேதான் இடித்தேன். ஃபிஃப்த் வீல் என்பது தங்கும் டிரெய்லர். ட்ரக்கின் பெட்டில், அதாவது பின்னால் இருக்கும் திறந்த சரக்குத் தொட்டியில், ஹிட்ச் என்ற இணைப்பில் மாட்டி இழுப்பார்கள்.

டெக்சாஸில் ஒரு மாநிலப் பூங்கா. எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் இடப்பக்கமாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கண் இடப்பக்க மிரரில். மனைவி டிரெய்லருக்குப் பின்னால் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரெய்லரின் முன் மூலை எங்கே வருகிறது என்று பார்க்க ஆளில்லை. அது என் தலைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் இருந்த பையன் "அப்பா, நிறுத்துங்கப்பா!" என்று கத்தி முடிப்பதற்குள் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, நல்ல காலம். ஆனால் அவனுடைய ஹூடி தொப்பிக்குள்ளிருந்து இரண்டு நாளைக்குக் கண்ணாடித் துகள் எடுத்தோம்.

டிரெய்லர் விற்ற இடத்தில் "இது ஷார்ட் பெட்டுக்கென்றே செய்த மாடல், சாதாரண ஹிட்ச் போதும்" என்றார்கள். நம்பினேன். அளந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வாரம் அலைந்து, ஒரு ஹிட்சைப் பாதி விலைக்கு விற்று, வேறொன்று வாங்கிப் பொருத்திய கதையின் சாறுதான் கீழே இருப்பது. அமெரிக்காவில் முதல்முறையாக ஃபிஃப்த் வீல் வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஷார்ட் பெட் என்றால் பொதுவாக ஆறரை அடியை ஒட்டிய பெட். ராம் ட்ரக்கில் 6 அடி 4 அங்குலம், ஃபோர்டு சூப்பர் டூட்டியில் ஆறே முக்கால் அடி. லாங் பெட் 8 அடி. ஐந்தரை அடி பெட் என்று ஒன்றும் உண்டு. அதில் ஃபிஃப்த் வீல் இழுக்க நினைப்பவர்கள் முதல் படியைப் படித்ததும் மனம் மாறினாலும் மாறலாம்.

1. முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஹிட்ச் கடைக்குப் போகாதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் ட்ரக்கின் பேலோடு. விளம்பரத்தில் போட்டிருக்கும் பேலோடு வேறு ஏதோ ஒரு ட்ரக்குடையது. அதை மறந்துவிடுங்கள்.

ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை, அதன் மூக்குக்கு அடியில் ஹிட்சில் பூட்டும் இரும்பு முளையான கிங்பின் வழியாக நேராக உங்கள் பெட்டில் உட்காரும். கிங்பின் மேல் விழும் எடை என்பதால் இதைப் பின் வெயிட் என்பார்கள். கணக்குக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 சதவீதத்தை டிரெய்லரின் ஜிவிடபிள்யூஆர் மேல் போட வேண்டும். அதாவது சாமான் ஏற்றிய பிறகு டிரெய்லர் தாங்கக்கூடிய உச்ச எடையின் மேல். விற்பனையாளர் காட்டும் டிரை வெயிட் மேல் போட்டால் ஏமாந்தோம். டிரை வெயிட்டில் தண்ணீர் இல்லை, உங்கள் சாமான் ஒன்றுகூட இல்லை. படுக்கையறைக்குக் கீழே இருக்கும் அந்தப் பெரிய ஸ்டோரேஜ், கிங்பின்னுக்குக் கொஞ்சம் பின்னால்தான் இருக்கிறது. அதில் நீங்கள் அடுக்கும் அரிசி மூட்டை, வெட் கிரைண்டர், மடக்கு நாற்காலி எல்லாம் பெரும்பாலும் பின் வெயிட்டாகத்தான் போய்ச் சேரும்.

என் கணக்கைச் சொல்கிறேன். முக்கால் டன் எனும் நடுத்தர வகை ட்ரக், பெட்ரோல் எஞ்சின், ஸ்டிக்கரில் 3,100 பவுண்டு. நாங்கள் நாலு பேர் 560. ஹிட்ச் 250. பெட்டில் வைக்கும் கருவிகளும் விறகும் 150. மிச்சம் 2,140. டிரெய்லரின் ஜிவிடபிள்யூஆர் 10,500, அதில் 20 சதவீதம் 2,100. நாற்பது பவுண்டு இடைவெளி. மாமியார் வந்தால் விறகை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம்.

இந்தக் கணக்கில் ஹிட்சின் எடையையும் கழித்திருக்கிறேன், கவனியுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அதேபோல 25,000 பவுண்டு தாங்கும் ஹிட்ச் வாங்கினால் ட்ரக்கும் அவ்வளவு தாங்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஹிட்ச் பெரிதானால் ஹிட்ச்தான் பெரிதாகும், ட்ரக் அதேதான்.

எஃப்-150, ராம் 1500 மாதிரி அரை டன் வண்டிகளில் ஸ்டிக்கர் எண் பல நேரம் 2,000-க்குக் கீழேதான். நாலு பேரும் ஹிட்ச்சும் ஏறியதும் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். மிகச் சில லேசான ஃபிஃப்த் வீல்கள்தான் அதற்குள் அடங்கும்.

ஒரு டன் ட்ரக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வண்டியின் ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டைத் தாண்டினால் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இல்லாமல் இருக்கலாம். அப்போது முழு டேங்க் எரிபொருளோடும் குடும்பத்தோடும் ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT) எனும் எடைமேடையில் ஏறி எடை போட்டு, அதைக் கதவில் எழுதியிருக்கும் ஜிவிடபிள்யூஆரிலிருந்து கழியுங்கள். எடை போட நான் கொடுத்தது 15 டாலருக்குள். ஸ்டிக்கர் இருப்பவர்களும் டிரெய்லரை மாட்டிய பிறகு ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

2. டிரைவ்வேயில் சாக்பீஸ், டேப், தூக்குக்குண்டு

கண்ணாடி உடைவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு மணி நேரம் போதும். மூன்று அளவு வேண்டும்.

முதல் அளவு: கேபின் பின்சுவரிலிருந்து பின் ஆக்சிலின் நடுப்புள்ளிவரை. பெட்டுக்குள் அளக்காதீர்கள். பெட்டுக்கும் கேபினுக்கும் நடுவில் சந்து இருக்கிறது. ட்ரக்கைச் சமதளத்தில் நிறுத்தி, கேபினின் பின்பக்கத்தில் எது அதிகம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அதிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்தும் ஒரு குறி. இரண்டுக்கும் நடுவில் என் ட்ரக்கில் 40 அங்குலம்.

இரண்டாவது அளவு: டிரெய்லரின் முன்பக்க அகலத்தில் பாதி. ஃபிஃப்த் வீல்கள் பெரும்பாலும் 96 அங்குலம் அல்லது 102 அங்குலம் அகலம். பாதி 48 அல்லது 51.

மூன்றாவது அளவைத்தான் யாரும் சொல்வதில்லை: கிங்பின் நடுவிலிருந்து டிரெய்லரின் முன் மூலைவரை நேர்கோட்டுத் தூரம். பாதி அகலம் மட்டும் பார்த்தால் போதாது. கிங்பின்னுக்கு முன்னால் டிரெய்லரின் மூக்கு இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். திரும்பும்போது கேபினை நோக்கி வருவது அந்த மூலைதான். கிங்பின்னிலிருந்து ஒரு தூக்குக்குண்டு, மூலையின் துருத்திய இடத்திலிருந்து ஒன்று. தரையில் இரண்டு குறிகளுக்கும் இடையே டேப் பிடியுங்கள். என்னுடையதில் பக்கவாட்டில் 48, முன்னால் 12. குறுக்கே பிடித்தால் 49.5 அங்குலம்.

இப்போது கணக்கு கண் முன்னால் நிற்கிறது. கிங்பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இருந்தால் கேபினுக்கு 40 அங்குலம்தான். மூலைக்கு வேண்டியது 49.5. என் வண்டியில் சுமார் 40 டிகிரி திரும்பியதுமே மூலை கேபினைத் தொட்டுவிடும். கேம்ப்கிரவுண்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது 40 டிகிரி என்பது சர்வசாதாரணம். பெட்ரோல் பங்கில் பம்ப்பைச் சுற்றி வெளியே வரும்போதுகூட அந்தக் கோணம் வந்துவிடும்.

பின்னால் 12 அங்குலம் நகரும் ஸ்லைடர் வகை ஹிட்ச் போட்டால் 40-உம் 12-உம் 52. மூலைக்கு 49.5 போக இரண்டரை அங்குலம் மிச்சம். இதே கணக்கை 102 அங்குல டிரெய்லருக்குப் போட்டுப் பாருங்கள். 51-க்கும் 12-க்கும் குறுக்களவு 52.4. அதாவது ஸ்லைடர் போட்டும் இடிக்கும்! "ஸ்லைடர் இருக்கிறது, பயமில்லை" என்று யாராவது சொன்னால் உங்கள் மூன்று எண்ணையும் காட்டிக் கேளுங்கள்.

டிரெய்லர் விளம்பரத்தில் ஷார்ட் பெட்டுடன் 90 டிகிரி திரும்பும் என்று போட்டிருப்பது எந்த ட்ரக்கை வைத்து, எந்த ஹிட்சை வைத்து என்று கேளுங்கள். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. முன் மூலைகளை உள்வாங்கிச் செய்த டிரெய்லர்கள், கிங்பின்னைத் தாங்கும் பின் பாக்ஸ் என்ற பெட்டியை நீட்டிச் செய்தவை எல்லாம் உண்மையிலேயே உதவும். ஆனால் எவ்வளவு உதவும் என்பதை டேப்தான் சொல்ல வேண்டும். பெட்டில் டூல் பாக்ஸோ கூடுதல் டேங்கோ வைத்திருந்தால், அதன் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

3. எந்த வகை ஹிட்ச்

நகராத ஹிட்ச். விலை குறைவு, எடை குறைவு, கெட்டுப்போக ஒன்றுமில்லை. உங்கள் டேப் கணக்கு மூன்று அங்குலமாவது மிச்சம் காட்டினால் இதையே வாங்கி நிம்மதியாக இருங்கள். என் முதல் ஹிட்ச் இதுதான். ஹிட்சின் மேல் ஒரு குறையுமில்லை, என் 40 அங்குலத்துக்கு அது தோதில்லை, அவ்வளவுதான்.

கையால் நகர்த்தும் ஸ்லைடர். நெடுஞ்சாலையில் ஓடும்போது ஹிட்சின் தலை, அதாவது கிங்பின்னைப் பிடிக்கும் மேல்பகுதி, முன்னால் ஆக்சிலுக்கு மேலே இருக்கும். குறுகலான இடத்தில் திரும்பும் முன் அதைப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். தள்ளுவது என்றால் கையால் அல்ல. வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, லிவரை இழுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்தபடி ட்ரக்கை மெல்ல முன்னால் எடுக்க வேண்டும். ட்ரக் நகரும், டிரெய்லர் நிற்கும், தலை பின்னால் போய் "டொக்" என்று பூட்டிக்கொள்ளும். பிறகு கட்டையை எடுத்துவிட்டு ரிவர்ஸ். முடிந்ததும் இதையே தலைகீழாகச் செய்து பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இதில் இரண்டு சிக்கல். வண்டி கோணலாக நின்றால் லிவர் சண்டித்தனம் செய்யும். வளைவில் போய் மாட்டிக்கொண்ட பிறகு ஸ்லைடரை நினைத்துப் பயனில்லை. இன்னொன்று, தலை பின்னால் இருக்கும்போது பாரம் பின் ஆக்சிலுக்குப் பின்னால் விழும், முன் சக்கரங்கள் லேசாகும். அந்த நிலையில் நடக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பூங்காவை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் இதை மறப்பது மிக எளிது.

தானாக நகரும் ஸ்லைடர். புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைடு இந்த வகையில் அதிகம் பேசப்படுவது. ட்ரக் திரும்பத் திரும்பத் தலை தானாகப் பின்னால் போகும், நேரானதும் முன்னால் வரும். நீங்கள் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். இது வேலை செய்ய, டிரெய்லரின் பின் பாக்ஸ் அடியில் கேப்சர் பிளேட் என்ற தகடு ஒன்றைப் பொருத்த வேண்டும். கிங்பின் ஹிட்சுக்குள் சுழலாமல் அது பிடித்துக்கொள்ளும். அந்தத் தகடு உங்கள் பின் பாக்ஸ் மாடலுக்குச் சரியாக இருக்க வேண்டும். பின் பாக்ஸ் பக்கவாட்டில் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கனமும் அதிகம், விலையும் அதிகம். ஹிட்ச் எடையைப் பேலோடிலிருந்து கழித்தோமே, அந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

சுழலும் பின் பாக்ஸ். ரீஸ் சைட்விண்டர் மாதிரி. இதில் மாற்றம் ட்ரக்கில் அல்ல, டிரெய்லரில். திரும்பும் புள்ளியே கிங்பின்னிலிருந்து 22 அங்குலம் பின்னால் போய்விடுகிறது. ட்ரக்கில் நகராத ஹிட்ச்சே போதும், ஆனால் கிங்பின் சுழலாமலிருக்க ஒரு ஆப்பு வேண்டும். அது உங்கள் ஹிட்ச் பிராண்டுக்கென்று தனியாக வரும். பின் பாக்ஸை மாற்றும் முன் டிரெய்லர் சேஸி தயாரித்தவர்களிடம் வாரண்டி பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கிங்பின்னில் கூஸ்நெக் அடாப்டர் (பெட்டின் நடுவில் உள்ள உருண்டையில் உட்காரும் நீள இணைப்பு) மாட்டி வேலையை முடிக்கலாம் என்று ஒரு யோசனையும் உங்கள் காதுக்கு வரும். மலிவுதான். ஆனால் நீளமான கைப்பிடி வைத்து நெம்புகிற மாதிரி டிரெய்லரின் முன் சட்டத்தில் அழுத்தம் கூடும். வாரண்டி போய்விடக்கூடும். நான் தொடவில்லை.

என் தீர்ப்பு: மாதம் ஒருமுறையாவது கிளம்புகிறவர், புதுப்புது இடமாகப் போகிறவர், மறதிக்காரர் எல்லோரும் தானாக நகரும் ஸ்லைடருக்குக் காசைப் போடுங்கள். வருடத்துக்கு ஐந்தாறு முறை போகிற என் மாதிரி ஆட்களுக்குக் கையால் நகர்த்தும் ஸ்லைடர் போதும். நான் வாங்கியது பி அண்ட் டபிள்யூ கம்பானியன் ஸ்லைடர். காரணம் அடுத்த படியில்.

4. பெட்டில் எதன் மேல் உட்காரப் போகிறது

மூன்று வழி. பெட்டில் இரண்டு ரெயில்களைப் போல்ட் போட்டு நிறுத்துவது பழைய வழி, மலிவான வழி. பெட்டில் ஓட்டை போட வேண்டும். கீழே எரிபொருள் குழாயும் வயரும் ஓடுவதால், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் துரப்பணத்தை எடுக்கக் கூடாது. ரெயில் எப்போதும் பெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், மண் அள்ளும்போது மண்வெட்டியில் இடறும்.

ட்ரக் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஃபிஃப்த் வீல் பிரெப் பேக்கேஜ் இருந்தால் பெட்டில் குழிகள் இருக்கும், பக் என்பார்கள். ஹிட்சின் கால்களை அதில் இறக்கித் திருப்பிப் பூட்டினால் முடிந்தது. புது ட்ரக் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பேக்கேஜை விடாதீர்கள். பிறகு போட வந்தால் செலவு கூடும். ஹிட்ச் வாங்கும்போது உங்களுடையது ஃபோர்டு பக், ராம் பக், ஜிஎம் பக் இவற்றில் எது என்று சொல்லி வாங்க வேண்டும். ஒன்றின் கால் இன்னொன்றில் உட்காராது.

என் ட்ரக்கில் பேக்கேஜ் இல்லை. வார இறுதியில் மல்ச் மூட்டையும் மரப்பலகையும் ஏற்றும் வண்டி அது, பெட் காலியாக வேண்டும். அதனால் பெட்டுக்கு அடியில் கூஸ்நெக் ஹிட்ச் போட்டு, நடுவில் ஒரே ஒரு துளை. கம்பானியன் அந்தத் துளையில் பூட்டிக்கொள்ளும். கழற்றினால் பெட் தட்டையாகிவிடும். கழற்றுவது மட்டும் ஓர் ஆள் வேலை இல்லை. கேரேஜ் உத்திரத்தில் ஒரு ஹாய்ஸ்ட் மாட்டியிருக்கிறேன்.

பிளாஸ்டிக் லைனர் இருந்தால் ஹிட்ச் உட்காரும் இடத்தில் அதை வெட்டி எடுக்க வேண்டும். இரும்பு இரும்பின் மேல் உட்கார வேண்டும். பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்தால் நாளடைவில் போல்ட் தளர்ந்துவிடும்.

5. தலை, தாடை, உயரம்

தலை நாலு பக்கமும் சாயும்படி வாங்குங்கள். முன்னும் பின்னும் மட்டும் சாயும் தலை, மேடுபள்ளமான மண்தரையில் மாட்டும்போது உயிரை வாங்கும். தாடை கிங்பின்னை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வகையாக இருந்தால், பிரேக் போடும்போது முதுகில் இடிக்கிற அந்த "டக் டக்" குறையும்.

ஹிட்ச் ரேட்டிங் டிரெய்லரின் ஜிவிடபிள்யூஆரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், கூடவே செங்குத்துப் பாரத்துக்கென்று தனி எண் இருக்கும், அதையும் பாருங்கள்.

உயரத்தில் எல்லோரும் தடுமாறுகிறோம். புது ட்ரக்குகளின் பெட் சுவர் மிக உயரம். டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் பெட் சுவரின் மேல் விளிம்புக்கும் ஐந்தரை, ஆறு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சாலையோரப் பள்ளத்தில் இறங்கும்போது டிரெய்லர் பெட்டை நசுக்கும். அதே நேரம் தலையை மிக உயர்த்தினால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும், பின் ஆக்சில் டயர்கள் அதிகம் தேயும். முதலில் இடைவெளியைப் பாருங்கள், பிறகு மட்டத்தைப் பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் டிரெய்லரின் சஸ்பென்ஷனைத்தான் உயர்த்த வேண்டும், அது தனிச் செலவு.

6. செலவு

டாலாஸ் பக்கம் நான் விசாரித்தபோது கிடைத்த விலைகள், உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். நகராத ஹிட்ச் 700 முதல் 1,200 டாலர். கையால் நகர்த்தும் ஸ்லைடர் 1,200 முதல் 2,200. தானாக நகர்வது 2,500-இல் தொடங்கி நாலாயிரத்தை நெருங்கும். ரெயிலும் பிராக்கெட்டும் 300 முதல் 450, கூஸ்நெக் அடிச்சட்டம் 700 பக்கம். பொருத்துக் கூலி 400 முதல் 600. டிரெய்லர் விளக்குக்கும் பிரேக்குக்கும் மின்சாரம் தரும் ஏழு முனை பிளக்கைப் பெட்டுக்குள் வைக்க வயரிங் 70, மாட்டும் கூலி தனி. இதற்கெல்லாம் மேல் விற்பனை வரி, டெக்சாஸில் 8.25 சதவீதம்வரை.

என் உண்மைக் கணக்கில் இன்னும் இரண்டு வரி உண்டு. 900-க்கு வாங்கிய முதல் ஹிட்ச்சை 400-க்கு விற்றேன். பின் கண்ணாடிக்கு 600. ஆக, டேப் பிடிக்காத குற்றத்துக்கு அபராதம் 1,100 டாலர்.

பழைய ஹிட்ச் வாங்கலாமா என்றால், வாங்கலாம். தாடையில் தேய்மானமும் வெல்டிங்கில் விரிசலும் இல்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேனுவல் இல்லாவிட்டால் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆன்லைனில் புதிதாக வாங்கினால் பேலட்டில் கட்டி லாரியில் வரும். லாரியிலிருந்து தரையில் இறக்கித் தரும் லிஃப்ட்கேட் டெலிவரி கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் டிரைவர் லாரி விளிம்புவரை தள்ளிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

7. காகிதங்கள்

போனில் ஒரு ஆல்பம் போட்டு இவற்றைச் சேர்த்துவிடுங்கள்: ட்ரக் கதவு ஸ்டிக்கர்கள், டிரெய்லரின் இடப்பக்க முன்பகுதியில் ஒட்டியிருக்கும் ஜிவிடபிள்யூஆர் ஸ்டிக்கர், பின் பாக்ஸ் மாடல் எண், உங்கள் மூன்று அளவுகள். கடைக்காரர் "பார்த்துக்கலாம்" என்று சொல்லும்போது இதைத் திறந்து காட்டினால் பேச்சின் தோரணையே மாறுகிறது. பொருத்திய கடையின் ரசீதில் ஹிட்ச், பிராக்கெட் இரண்டின் மாடல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

லைசென்ஸ். டெக்சாஸில் ட்ரக்கின் ஜிவிடபிள்யூஆரும் டிரெய்லரின் ஜிவிடபிள்யூஆரும் சேர்ந்து 26,001 பவுண்டோ அதற்கு மேலோ வந்து, டிரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால், சாதாரண கிளாஸ் சி போதாது. வணிகமல்லாத கிளாஸ் ஏ வேண்டும். எனக்கு 10,000-உம் 10,500-உம் 20,500, தப்பித்தேன். 14,000 பவுண்டு டூவலியில் (பின்னால் நாலு சக்கரம் உள்ள ட்ரக்) 15,000 பவுண்டு டிரெய்லர் இழுப்பவர் மாட்டுவார். கலிபோர்னியாவில் 15,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலுக்கு வணிகமல்லாத கிளாஸ் ஏ கேட்பார்கள். உங்கள் மாநில விதியை டிரெய்லர் வாங்கும் முன் பாருங்கள். தேர்வுக்குத் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

இன்ஷூரன்ஸ். ட்ரக் பாலிசி டிரெய்லரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு உதவினாலும், டிரெய்லருக்கே ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாகத் தனிப் பாலிசி வேண்டும். என் டிரெய்லரே என் ட்ரக்கை இடித்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நான் கேட்டபோது எதிர்முனையில் கொஞ்ச நேரம் மௌனம். கடைசியில் டிடக்டிபிளே, அதாவது முதலில் நாமே போட வேண்டிய பணமே, கண்ணாடி விலையைவிட அதிகமாக இருந்ததால் கையிலிருந்து கொடுத்தேன்.

8. எப்போது வாங்குவது, எத்தனை நாள் ஆகும்

அளக்க ஒரு மாலை. ஹிட்ச் வர ஒன்றிரண்டு வாரம். பொருத்த அரை நாள். ஆனால் மார்ச் முதல் மே வரை கடைகளில் தேதி கிடைப்பது கஷ்டம், எல்லோரும் கோடை விடுமுறைக்குத் தயாராகும் நேரம். எனக்கு மூன்று வாரம் காத்திருப்பு. நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் டெலிவரி எடுக்கும் நாளில் ஹிட்ச் பொருத்தச் சம்மதிக்காதீர்கள். அன்றைக்குக் கையெழுத்துப் போடவே நேரம் போதாது, அளக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பொருத்தும்போது கூட நில்லுங்கள். கிங்பின் ஆக்சிலுக்கு மேலேயோ சற்று முன்னாலோதான் வருகிறதா என்று உங்கள் டேப்பால் பாருங்கள். பிறகு மேனுவல் சொல்லும் மைல் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள். இதைக் கடைக்காரர் ஞாபகப்படுத்த மாட்டார்.

9. முதல் முறை மாட்டும்போது

ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான பெரிய பார்க்கிங் லாட். கூட ஓர் ஆள்.

டெயில்கேட்டைத் திறந்து இறக்குங்கள். மூடியபடியே ரிவர்ஸ் எடுத்துக் கிங்பின்னால் டெயில்கேட்டை மடக்கியவர்கள் எண்ணிக்கை, கண்ணாடி உடைத்தவர்களைவிடக் கண்டிப்பாக அதிகம். டிரெய்லரின் அடித்தகடு ஹிட்ச் தகட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும். ட்ரக் உள்ளே போகும்போது டிரெய்லர் லேசாகத் தூக்கப்பட வேண்டும். உயரமாக இருந்தால் கிங்பின்னின் நுனி மட்டும் தாடையில் மாட்டி, பூட்டிய மாதிரி சத்தமும் கேட்கும். நம்பிக் கிளம்பினால் முதல் சிக்னலில் டிரெய்லர் பெட்டின் மேல் விழும். அதனால் டார்ச் எடுத்துப் பாருங்கள். இரண்டு தகடுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும்.

பிறகு ஏழு முனை பிளக். டிரெய்லர் பிரிந்து போனால் அதன் பிரேக்கைத் தானாகப் போடும் பிரேக்அவே கேபிளை ட்ரக்கில் மாட்டுங்கள், ஹிட்சில் மாட்டாதீர்கள். ஹிட்ச்சே பிய்ந்து வந்தால் கேபிளும் கூடவே போய்விடும். டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை, முன்னங்கால்கள் தரையைத் தொட்டபடி. டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு ட்ரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். அசையாமல் பிடித்தால்தான் கால்களைத் தூக்க வேண்டும்.

அடுத்து, ஸ்லைடரைப் பின்னால் தள்ளிவிட்டு, கூட வந்தவரைக் கேபினின் பின் மூலை தெரியும்படி தள்ளி நிற்க வைத்து, அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுங்கள். அவர் பார்க்க வேண்டியது டிரெய்லரின் முன் மூலை ஒன்றை மட்டும்தான். மூன்று அங்குலம் நெருங்கியதும் நிறுத்தி, டிரெய்லரின் சுவர் பெட்டின் விளிம்பை எந்த இடத்தில் தாண்டுகிறதோ அங்கே நீல பெயின்டர் டேப் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக. அதன் பிறகு உங்களுக்குக் கோணம் தெரிய வேண்டாம், டேப் தெரிந்தால் போதும்.

என் ட்ரக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்லைடரைப் பின்னால் தள்ளும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவேன். தலை முன்னால் வந்து பூட்டியதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவிழ்ப்பேன். அவிழ்க்கும் பொறுப்பு இப்போது பையனிடம். அவன் இறங்கிப் போய் லிவரைப் பார்த்துவிட்டு வந்து, துணியை அவிழ்த்துத் தன் ஹூடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "போலாம்ப்பா" என்கிறான்.